இரண்டாம் பந்தி

எங்கள் மில்லில் காண்டிராக்ட் ஆட்களுக்கு ராத்திரிச் சாப்பாடு ஒன்பது மணிக்கு. பர்மனெண்ட் ஆட்களுக்கு ஏழரைக்கு. ஏழரைக்குச் சங்கு ஊதும். அவர்கள் கையைக் கழுவிக்கொண்டு கேன்டீனுக்குப் போவார்கள். அவர்கள் இடத்தில் நாங்கள் நிற்போம். மெஷின் நிற்கக் கூடாது. ஒன்பதுக்கு மறுபடி சங்கு ஊதும். அப்போது நாங்கள் போவோம். குழம்பு கொஞ்சம் தண்ணியாக இருக்கும். அப்பளம் சில நாள் தீர்ந்திருக்கும். இருபத்திரண்டு வருஷம் இப்படித்தான். எனக்கு இதில் வருத்தம் இல்லை. யாராவது ஒருத்தர் அப்புறம் சாப்பிட்டுத்தான் ஆகவேண்டும்.

நான் சொல்ல வந்தது கப்பல் சாப்பாட்டைப் பற்றி. ஆனால் இது தெரியாவிட்டால் அது புரியாது.

மில் கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் இருக்கிறது. கட்டிடக் கம்பி போடும் மில். ஓடிவரும் கம்பியை அறுத்துக் கட்டுக் கட்டாகக் கட்டி வைப்பார்கள். அந்தக் கட்டில் கிரேன் கொக்கியை மாட்டுவது என் வேலை. மாட்டிவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டினால் கிரேன் தூக்கும். பேச்சு தேவையில்லாத வேலை. எனக்கு அது ஒத்துப்போனது. பெரும்பாலும் ரெண்டாவது ஷிப்ட். மதியம் ரெண்டு மணிக்குப் போனால் ராத்திரி பத்துக்கு விடுவார்கள். வீடு மில்லுக்குப் பின்பக்கம். ரயில் பாதையைத் தாண்டினால் மூன்றாவது தெரு. சங்குச் சத்தம் வீடு வரைக்கும் கேட்கும்.

போன வருஷம் மில்லில் விபத்து எதுவும் இல்லை. அதற்காக ஆபீசர்களையும் பர்மனெண்ட் ஆட்களில் சிலரையும் குடும்பத்தோடு கப்பலில் கூட்டிப்போவதாக முடிவானது. சென்னைத் துறைமுகத்தில் ஏறி, கடலில் ரெண்டு ராத்திரி சுற்றிவிட்டு அங்கேயே இறங்குவது. காண்டிராக்ட்டுக்கும் ஓர் இடம் என்றார்கள். எங்கள் பெயர்களை எழுதி ஒரு ஹெல்மெட்டில் போட்டுக் குலுக்கினார்கள். என் பெயர் வந்தது.

பக்கத்தில் நின்றவன் சொன்னான், “யோவ், உன்கிட்ட ஒரு நல்ல சட்ட கூட இல்லியேய்யா. என் பேரு வந்திருக்கலாம்.”

“உன்கிட்ட மட்டும் கீதா?”

“இல்ல. ஆனா எனக்கு வாய் கீது. நாலு பேரான்ட பேசுவேன். நீ கப்பல்ல போயி இன்னா பண்ணுவே?”

நியாயமான கேள்விதான்.

என் மனைவிக்குப் பழவேற்காடு. அவள் அப்பா ஏரியில் வலை போட்டவர். தண்ணீர் மேல் போவது அவளுக்குப் புதிதில்லை. விஷயத்தைச் சொன்னதும், “கடலப் பாக்க கப்பல்ல போணுமா? எங்கப்பா ஊட்டுப் பக்கத்துலயே கீது” என்றாள்.

“அப்ப வர்லியா?”

“நான் எப்போ வர்லன்னேன்?”

மில்லிலிருந்து போனுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். அதில் நீச்சல் குளம் இருந்தது, பாட்டுக் கச்சேரி இருந்தது. அவள் அதையெல்லாம் தள்ளிவிட்டு ஓர் இடத்தில் நிறுத்தினாள். ஒரு பெரிய சாப்பாட்டு அறை. வெள்ளைத் துணி போட்ட மேஜை. ஒரு ஆணும் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்திருக்க, கோட்டுப் போட்ட ஆள் குனிந்து ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தட்டு வைக்கிறான்.

“இங்க நாம உக்காரலாமா?”

“தெர்ல.”

“கேளு. எனக்கு வேற ஒண்ணும் வாணாம். கண்ணாலம் ஆயி இருபத்தாறு வருசம். ராத்திரிச் சோறு நீயும் நானும் எதிரெதிர்ல உக்காந்து துன்னது எத்தினி வாட்டி, சொல்லு.”

நான் யோசித்தேன். ஷிப்ட் நாளில் எனக்குக் கேன்டீன். லீவு நாளில் நான் முதலில் உட்காருவேன், அவள் போடுவாள், பிறகு அவள் உட்காருவாள். எண்ணிக்கை எதுவும் வரவில்லை.

அவளுக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை. காலையும் ராத்திரியும் ஊசி. வயிற்றில் அவளே போட்டுக்கொள்வாள். ஊசி போட்டு அரை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது நானும் கூடத்தான் இருந்தேன். கேட்டுக்கொண்டேன். அதோடு சரி.

துறைமுகத்தில் எங்களை வரிசையில் நிற்கவைத்து மில்லின் பர்சனல் ஆபீசர் லிஸ்ட் எழுதினார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரெண்டு பந்தி, ஏழேகாலுக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஒன்று, யாருக்கு எது வேண்டும் என்று ஒவ்வொருத்தராகக் கேட்டுக்கொண்டு வந்தார். என் முன்னால் வந்து பேனாவைத் தூக்கினார்.

“ரெண்டாவது சார்” என்றேன். அவர் கேட்டு முடிக்கவே இல்லை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “லேட்டாகுமே, பரவாயில்லையா?”

“பழக்கம் சார்.”

எழுதிக்கொண்டு போய்விட்டார். என் மனைவி பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

எங்களுக்குக் கொடுத்தது சன்னல் இல்லாத அறை. அதற்கு ஸ்டாண்டர்ட் என்று பெயர். ஆபீசர்களுக்கு மேலே, பால்கனி வைத்தது. என் மனைவி கட்டிலைத் தட்டிப் பார்த்தாள். “தூங்க எதுக்கு சன்னலு? கண்ண மூடிக்கினு தானே தூங்கப் போறோம்” என்றாள். அறையில் சின்ன பிரிட்ஜ் இருந்தது. மருந்தை அதில் வைத்தாள். ஊசியைச் சோதனையில் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்திருந்தாள். பிடுங்கவில்லை.

கழுத்தில் மாட்ட ஒரு கார்டு கொடுத்தார்கள். அதுதான் அறைச் சாவி, அதைக் காட்டித்தான் சாப்பாடு. மில்லில் பர்மனெண்ட்டுக்கு நீலக் கார்டு, எங்களுக்கு மஞ்சள். இங்கே எல்லாருக்கும் ஒரே நிறம். ஆபீசர் கழுத்திலும் பார்த்தேன், அதேதான். மஞ்சள் தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கப்பல் கிளம்பியதும் எங்கள் மில் ஆட்களை ஒரு கூடத்தில் உட்காரவைத்து ஆபீசர் விளக்கினார். மேல் மாடியில் ஒரு ஹால். எப்போது போனாலும் சாப்பாடு இருக்கும், வரிசையில் நின்று நாமே தட்டில் எடுத்துக்கொள்ள வேண்டும். கீழே பெரிய சாப்பாட்டு அறை. அங்கே உட்கார்ந்தால் கொண்டுவந்து வைப்பார்கள், ஆனால் அவரவர் பந்தி நேரத்துக்குப் போகவேண்டும். இந்த ரெண்டும் டிக்கெட்டில் சேர்ந்தது. அது போக மூன்று தனி ஓட்டல், அங்கே போனால் நாம்தான் கட்டவேண்டும். டீயும் தண்ணீரும் சும்மா, பாட்டிலில் வருவது எல்லாம் தனி.

எங்கள் போர்மேன் எழுந்து கேட்டார், “சார், பால்கனி ரூமுக்கும் ஸ்டாண்டர்ட் ரூமுக்கும் சாப்பாட்டுல இன்னா வித்தியாசம்?”

“சாப்பாட்டுல ஒரு வித்தியாசமும் இல்லை. ரூம்லதான்.”

என் மனைவி என் முழங்கையில் இடித்தாள். “கேட்டியா?”

கேட்டேன். நம்பவில்லை. மில்லில் கேட்டாலும் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு என்றுதான் சொல்வார்கள். நேரத்தைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள்.

மதியம் மேல் ஹாலுக்குப் போனோம். நல்ல சாப்பாடு. சாதம், சாம்பார், சப்பாத்தி, கோழி, பெயர் தெரியாத பத்துப் பதினைந்து பாத்திரம். கரண்டி பிடித்து நின்றவர் இன்னும் வேண்டுமா என்று கேட்டார். கேன்டீனில் கேட்டதில்லை. ஆனாலும் நான் வரிசையில் ஒதுங்கி ஒதுங்கி நின்றேன். வந்தவர்கள் எல்லாம் எனக்கு முன்னால் போனார்கள்.

“இன்னா நீ, வர்றவன் போறவனுக்கெல்லாம் வழி உட்டுக்கினு கீறே? அவனுங்க இன்னா பர்மனெண்டா?” என்றாள்.

சாயங்காலம் நான் மேல்தளத்துக்குப் போனேன். கயிறு சுற்றும் இயந்திரமும், கொக்கியும், படகைத் தூக்கும் சின்னக் கிரேனும் இருந்தன. அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்ததில் நேரம் போனது தெரியவில்லை. எட்டரைக்கு அறைக்கு வந்தேன். அவள் தயாராக இருந்தாள். மகள் கல்யாணத்துக்கு எடுத்த புடவையைக் கட்டியிருந்தாள். அவள் எப்போது ஊசி போட்டாள் என்று நான் கேட்கவில்லை.

ஒன்பதுக்குக் கதவைத் திறந்தார்கள். வீடியோவில் பார்த்த அதே அறை. வெள்ளைத் துணி. எதிரெதிர் நாற்காலி. அவள் உட்கார்ந்து துணியைத் தடவிப் பார்த்தாள். சர்வர் வந்து தண்ணீர் ஊற்றினார். வடக்கத்தி ஆள், என் வயசு இருக்கும். ஆர்டர் எடுத்துக்கொண்டு போனார்.

சூப் வந்தபோது அவள் ஸ்பூனை எடுத்தாள். ஸ்பூன் கிண்ணத்தில் பட்டு டகடகவென்று சத்தம் வந்தது. கப்பல் ஆடுகிறது என்று நினைத்தேன். கப்பல் ஆடவில்லை. அவள் கைதான். நெற்றியெல்லாம் வேர்வை. கண் என்னைப் பார்க்கிறது, ஆனால் பார்க்கவில்லை.

மேஜையில் சர்க்கரை சின்னச் சின்னக் காகிதப் பையில் இருந்தது. மூன்றைக் கிழித்து அவள் வாயில் போட்டேன். சர்வர் ஓடிப்போய் ஆரஞ்சு ஜூஸ் கொண்டுவந்தார். கொஞ்ச நேரத்தில் கை நின்றது. ரெண்டு வாய் சாதத்தைக் கட்டாயப்படுத்தி விழுங்கினாள். அதற்கு மேல் முடியவில்லை. சுற்றிலும் எல்லாரும் பார்த்தார்கள். எழுந்து வந்துவிட்டோம். வைத்த மீன் அப்படியே இருந்தது.

அறையில் அவளைப் படுக்கவைத்தேன். தலையணைக்குப் பக்கத்தில் ரஸ்க் பாக்கெட் பிரித்துக் கிடந்தது.

“ஊசி எப்ப போட்டே?”

“ஏழரைக்கு. ஆஸ்பத்திரில சொன்ன நேரம், எப்பவும் போடறது தான்.”

“ஒம்போதுக்குத்தான் சோறுன்னு தெரியும் இல்ல?”

“ரெண்டு ரஸ்க்கு துன்னேன். ஊட்ல அதுவே தாங்கும். இன்னிக்கு படியேறி எறங்குனது, தாங்கல.”

ஊட்ல என்ற சொல்லை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் பிடித்தேன்.

“ஊட்லயும் இப்படித்தான் பண்றியா?”

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“கேக்கறேன் இல்ல மே, சொல்லு.”

“ஒம்போது சங்கு ஊதுனாத்தான் நான் தட்ட எடுப்பேன். அப்பத்தானே நீ அங்க கை கழுவறே.”

“எத்தினி நாளா?”

“நாளாவா? நல்லா கேட்டே. நீ அங்க பசியோட நின்னுக்கினு இருப்பே. நான் இங்க முன்னாடியே துன்னுட்டு குந்திக்கினு இருக்கணுமா? எனக்கு எறங்காது.”

“மயக்கம் வராதா?”

“வரும். போவும்.”

நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். சன்னல் இல்லாததால் பார்க்க ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் ரெண்டாம் பந்தியைப் பற்றி நான் குறை சொன்னதில்லை. என் வயிறுதானே, பொறுத்துக்கொள்ளும் என்று இருந்தேன். அதோடு இன்னொரு வயிறு சேர்ந்து காத்திருந்தது எனக்குத் தெரியாது. துறைமுகத்தில் பழக்கம் சார் என்று சொன்னபோது இந்த வயிற்றுக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்.

காலையில் அவள் நன்றாக எழுந்துவிட்டாள். “ராத்திரிக்கு நான் மேல ஹால்ல நேரத்தோட துன்னுக்கறேன். நீ கீழ போயி மீன் துன்னுட்டு வா” என்றாள்.

அது வீட்டைப் போலவே ஆகிவிடும். அன்றைக்கு ஒரு ராத்திரிதான் பாக்கி. மறுநாள் காலையில் இறங்கவேண்டும்.

“முதல் பந்திக்கு மாத்தச் சொல்லிக் கேக்கறேன்” என்றேன்.

“நீயா?” என்றாள். சிரிக்கவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

மில்லில் நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. கையுறை கிழிந்தால்கூட அவர்களாகப் பார்த்துக் கொடுக்கட்டும் என்று இருப்பேன். ஆபீசரைத் தேடிப்போனேன். அவர் நீச்சல் குளத்தின் ஓரத்தில் அரை டிராயரோடு படுத்திருந்தார். அவரை அப்படிப் பார்த்ததில்லை. கூப்பிட வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன். டீ குடித்துவிட்டு மறுபடி போனேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தேன். மூன்றாவது தடவை போய்த் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் மனைவிதான் பார்த்தார்.

“ஏங்க, அங்க ஒருத்தர் ரொம்ப நேரமா நிக்கறாரே, உங்க ஆளா?”

ஆபீசர் எழுந்து உட்கார்ந்தார். “என்னப்பா?”

“சார், ராத்திரிச் சாப்பாடு. ஏழேகாலுக்கு மாத்தணும் சார்.”

“நீங்கதானே ரெண்டாவது கேட்டீங்க?”

“ஆமா சார். தப்பா கேட்டுட்டேன்.”

“இதை எதுக்கு எங்கிட்ட கேக்கறீங்க? சாப்பாட்டு ஹால் வாசல்ல ஒருத்தர் இருப்பார். அவர்கிட்ட சொன்னா மாத்திடுவார்.”

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“வேற என்ன?”

“அவ்ளோதான் சார்?”

“அவ்ளோதான்” என்றார்.

வாசலில் இருந்தவரும் வடக்கத்தி ஆள். மில்லில் பீகார் ஆட்களோடு இருந்து இருந்து எனக்குக் கொஞ்சம் இந்தி வரும். மனைவிக்குச் சர்க்கரை, ஊசி, நேரம் என்று மூன்று சொல் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரைத் தட்டினார். முதல் பந்தி நிறைந்துவிட்டது, சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் ரெண்டு நாற்காலி மேஜை ஒன்றுதான் இருக்கிறது, சத்தமாக இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை, பரவாயில்லையா என்றார்.

கம்பி மில்லில் இருப்பவனிடம் சத்தத்தைப் பற்றிக் கேட்டார். பரவாயில்லை என்றேன். முடிந்துவிட்டது. ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

ராத்திரி ஏழுக்கு அவள் ஊசி போட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். அவள் போடுவதை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். ஏழேகாலுக்கு உட்கார்ந்தோம். நேற்றைய சர்வரே வந்தார். அவளைப் பார்த்துச் சிரித்து, கேட்காமலே முதலில் ரொட்டி வைத்தார். தூரத்தில் ஆபீசர் குடும்பம் உட்கார்ந்திருந்தது. அவர் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். கிரேனுக்குக் காட்டுவது மாதிரி ஆகிவிட்டது.

மேஜை மோசம் இல்லை. கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே தெரிந்தது. அவள் எட்டி எட்டிப் பார்த்தாள். “அடுப்பப் பாரேன். நம்ம ஊட்டவிடப் பெருசு.”

ரெண்டு தட்டும் ஒரே நேரத்தில் வந்தன. அவள் கை தானாக என் தட்டுப் பக்கம் வந்தது. எனக்குப் போட ஒன்றும் இல்லை, எல்லாம் வைத்தாயிற்று. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“நீ துன்னு” என்றாள்.

“நீ துன்னு.”

“நீ மொதல்ல.”

“ஊசி போட்டது நானா?”

அவள் ஒரு துண்டு மீனை எடுத்து வாயில் வைத்தாள். மெல்லாமல் அப்படியே வைத்திருந்தாள். பிறகு சொன்னாள், “முள்ளே இல்ல. இது மீனா, பன்னீரா?”

“மீனுதான்.”

“கடல் மேல குந்திக்கினு ஐஸ் மீனு போடறானுங்க பாரு. கீழ கைய உட்டா கெடைக்கும்.”

ஆனால் முழுசையும் சாப்பிட்டாள். என் தட்டிலிருந்தும் பாதி எடுத்துக்கொண்டாள். அதிகம் பேசவில்லை. எங்களுக்கு அது வராது. நான் அவள் மெல்லுவதைப் பார்த்தேன். இடது பக்கப் பல் வலிக்கிறது போல, வலது பக்கமாகவே மெல்லுகிறாள். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. கேட்டால் நாளாவா என்பாள். கேட்கவில்லை.

கடைசியில் ஐஸ்கிரீம் வந்தது. அவள் அதைத் தள்ளி என் பக்கம் வைத்தாள். ஒரு ஸ்பூன் மட்டும் எடுத்துக்கொண்டாள்.

இறங்கி வீட்டுக்கு வந்தோம். அடுத்த வாரமும் எனக்கு ரெண்டாவது ஷிப்ட். வீட்டில் சொல்லிப் பார்த்தேன், நீ ஏழரைக்கே சாப்பிட்டுவிடு என்று. சரி என்றாள். அந்தச் சரி எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை போர்மேனிடம் போனேன். கேட்பதற்கு முன்னால் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

“ஏழரைக்கு எனக்குச் சாப்பிடப் போணும்.”

அவர் பேப்பரிலிருந்து நிமிரவில்லை. “உனக்கு ஒம்போது இல்ல?”

“ஊட்டுக்காரிக்குச் சுகரு. அவ ஏழரைக்குத் துன்னணும்.”

“அவ துன்றதுக்கு நீ எதுக்குய்யா போணும்?”

“நான் துன்னாத்தான் அவ துன்னுவா.”

அவர் நிமிர்ந்தார். கப்பலில் அந்த முதல் ராத்திரி ஒன்பது மணிப் பந்தியில் அவரும் இருந்தார். ஸ்பூன் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். பேப்பரை மடித்து வைத்தார்.

“கப்பல் ஏறுனதுலேர்ந்து உனக்குப் பேச்சு வந்துடுச்சுய்யா” என்றார். “கேன்டீன்ல உட மாட்டானுங்க. அது லிஸ்ட்டு, நான் ஒண்ணும் பண்ண முடியாது. டப்பா எடுத்தாந்து பின்னாடி படியில குந்தித் துன்னு. பத்து நிமிசம். கொக்கிக்கு நான் ஆள் வெக்கறேன். பதினோராவது நிமிசம் நீ இங்க இருக்கணும்.”

அவளிடம் சொன்னேன். மறுநாள் டப்பா கட்டிக் கொடுத்தாள். சாதம், நெத்திலிக் குழம்பு. வாசல் வரைக்கும் வந்து, “இதையேதான் நானும் துன்னப் போறேன்” என்றாள். “பொய் கிய் சொன்னே, தெரிஞ்சிடும்.”

ஏழரைக்குச் சங்கு ஊதியது. பின்பக்கப் படியில் போய் உட்கார்ந்தேன். கேன்டீனுக்குப் போகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் போனார்கள். ஒருத்தர், “இன்னாய்யா, பர்மனெண்ட் ஆயிட்டியா?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். படியிலிருந்து பார்த்தால் காம்பவுண்ட் சுவர்தான் தெரியும். அதற்கு அந்தப் பக்கம் ரயில் பாதை. அதற்கு அந்தப் பக்கம் மூன்றாவது தெரு. சங்கு நின்றதும் டப்பாவைத் திறந்தேன். எட்டு நிமிஷத்தில் முடித்தேன். ஒன்பது சங்கு ஊதியபோது கொக்கி மாட்டிக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்பவர்கள் கேன்டீனுக்குப் போனார்கள்.

ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனேன். அவள் பாயில் படுத்திருந்தாள். தூங்கவில்லை, கண்ணை மூடியிருந்தாள். நான் கேட்கவில்லை. சமையல் மேடையில் அவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். மற்ற நாளில் நான் வரும்போது அதில் ஈரம் இருக்கும். எடுத்துத் தடவிப் பார்த்தேன்.

காய்ந்திருந்தது.